திரும்பி வரும் சரக்கு

மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, திருநெல்வேலியை எட்டுவதற்குச் சற்று முன்பாக, ராஜேந்திர சோழனுடைய விருதுப் பெயரைத் தாங்கிச் சிற்றாற்றங்கரையில் அமைந்த கங்கைகொண்டானைத் தொட்டுக்கொண்டு செல்கிறது. சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு அவ்வூரின் பெயர் வர்த்தக உலகத்திலும் அடிபடத் தொடங்கியிருக்கிறதென்றாலும், இக்கட்டுரைக்கு வேண்டியது ஆலைச் சரக்கு அன்று. பத்தமடைக் கோரைப்பாயும், வீரவநல்லூர்ச் சேலையும், கல்லிடைக்குறிச்சி அப்பளமும், காருகுறிச்சி மண்பாண்டமும் தாமிரபரணிக் கரை வீடுகளிலேயே கட்டப்பட்டு, முகவரிச் சீட்டு ஒட்டப்பட்டு, கூரியர் வண்டியில் ஏறி வடதிசை செல்லும்போது இந்தச் சாலையையே நம்பியிருக்கின்றன. அவற்றில் ஒரு பங்கு, சில நாள் கழித்து, இதே சாலை வழியாகத் திரும்பியும் வருகிறது. போனபடியே திரும்பினால் பாதகமில்லை. போன பொருள் ஒன்றாகவும் திரும்பிய பொருள் வேறொன்றாகவும் இருக்கும்போது, விற்றவருக்கும் வாங்கியவருக்கும் நடுவே எழுகின்ற வழக்கு எத்தன்மையது, அதை யார் தீர்க்கிறார்கள், எந்தச் சாட்சியத்தைக் கொண்டு தீர்க்கிறார்கள் என்பதே இங்கே ஆராயப் புகுந்த விஷயம்.

முதலில் ஒரு பாகுபாடு அவசியம். வாங்கிய பின் மனம் மாறுகிறவரும், வாங்கும்போதே வஞ்சிக்க நினைக்கிறவரும் ஒரே வகுப்பினர் அல்லர். படத்தில் கண்ட நிறம் கையில் வந்தபோது மங்கலாகத் தோன்றியதால் திருப்புகிறவரிடம் குற்றமில்லை. சந்தேகத்தின் பலனை அவருக்கே கொடுக்கவேண்டும். கல்யாணத்துக்கு ஒரு நாள் உடுத்திய சேலையை மடித்து, மஞ்சள் கறையோடு, பிடிக்கவில்லை என்று அனுப்புகிறவர் வேறு ரகம். பெட்டி காலியாக வந்தது என்று புளுகுகிறவரும், புதுச் சரக்கை வைத்துக்கொண்டு அதே பெட்டியில் தம் வீட்டுப் பழஞ்சரக்கைப் போட்டு அனுப்புகிறவரும், கையெழுத்திட்டு வாங்கிய பிறகு வரவே இல்லை என்று சாதிக்கிறவரும், பணம் போட்டுவிட்டதாகத் திருத்திய ஸ்கிரீன்ஷாட் ஒன்றைக் காட்டிச் சரக்கைக் கறந்துகொள்கிறவரும் மூன்றாம் ரகம். சட்டத்தின் கண்ணில் இது வெறும் விவகாரம் அன்று. பழைய தண்டச் சட்டத்தின் 420-ஆம் பிரிவிலிருந்து, 2024 ஜூலை முதல் பாரதீய நியாய சன்ஹிதையின் 318-ஆம் பிரிவுக்கு இடம் மாறியிருக்கும் மோசடிக் குற்றம். ஆனால் இந்த மூன்று ரகத்தாரும் கணினித் திரையில் அழுத்துகிற பொத்தான் ஒன்றுதான் என்பதில் தொடங்குகிறது தொல்லையெல்லாம்.

இதைக் கலியுகத்துப் புதுக்கோலம் என்று நினைப்பவர்கள் நம் தர்மசாஸ்திரங்களைப் புரட்டிப் பார்க்கலாம். வாங்கிய பின் வருந்துவது, விற்ற பின் வருந்துவது என்ற இரண்டையும் ஸ்மிருதிகாரர்கள் தனி விவகாரத் தலைப்பாகவே வைத்திருக்கிறார்கள். வாங்கினவருக்கும் விற்றவருக்கும் சமமாகப் பத்து நாள் அவகாசம் கொடுக்கிறது மனு ஸ்மிருதி. வணிகருக்கு ஓரிரவு, உழவருக்கு மூன்றிரவு, ஆநிரை மேய்ப்பவருக்கு ஐந்திரவு என்று ஆளுக்கேற்ப அளக்கிறது கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம். சரக்கை நன்கு அறிந்தவனுக்குக் குறைந்த அவகாசமும், அறியாதவனுக்கு மிகுந்த அவகாசமும் என்ற அந்த யோசனை நுட்பமானது. எல்லாவற்றையும்விட நாரத ஸ்மிருதியின் விதிதான் நம் காரியத்துக்கு மிகவும் உதவுவது. வாங்கிய அன்றே, சிதையாமல் திருப்பினால் முழு விலையும் கிடைக்கும். இரண்டாம் நாள் திருப்பினால் முப்பதில் ஒரு பங்கு நஷ்டம். மூன்றாம் நாள் அதற்கு இரட்டிப்பு. அதன் பின் சரக்கு வாங்கினவருடையதே. பொருளுக்குப் பொருள் பரீக்ஷைக்கான நாளும் மாறும்: கறவை மாட்டுக்கு மூன்று நாள், மணிகளுக்கும் முத்துக்கும் ஏழு நாள், துணிக்கு ஒரே நாள். வாங்குகிறவன் தானும் பார்த்து, பிறருக்கும் காட்டி, பிறகே கொள்ள வேண்டும் என்றும், அப்படிக் கொண்டதைத் திருப்ப இயலாது என்றும் நாரதர் முடிக்கிறார். அவருடைய விதிகளுக்கெல்லாம் அடியில் கிடப்பது ஒரு சாதாரண உண்மை: சரக்கு கைமாறும் க்ஷணத்தில் விற்பவனும் வாங்குபவனும் அதை ஒரே சமயத்தில் கண்ணால் காண்கிறார்கள். சந்தையின் நாணயம் என்று நாம் புகழ்வதில் பெரும்பகுதி மனித குணத்தின் உயர்வு அன்று. இந்தப் பொதுக் காட்சியின் பலன்.

அந்தக் காட்சியை முதலில் கலைத்தது இண்டர்நெட் அன்று; தபால். 1877-இல் இந்தியத் தபால் இலாகா, விலையை வாங்கிக்கொண்டு பொட்டலத்தைக் கொடுக்கும் வி.பி. முறையை ஏற்படுத்தியது. சென்னையிலும் மதுரையிலும் இருந்த புத்தகப் பிரசுரகர்த்தர்களும், லேகியமும் தைலமும் விற்ற வைத்தியசாலைகளும், கடிகாரக் கம்பெனிகளும் அந்த வசதியைக் கொண்டே கிராமாந்தரங்களுக்குள் புகுந்தார்கள். கார்டில் எழுதிக் கேட்டவர், பொட்டலம் வந்து சேரும் நாளில் கையில் பணமில்லாமலோ மனமில்லாமலோ அதை மறுத்துவிட்டால், போக வரத் தபால் கூலி அனுப்பினவர் தலையில் விழும்; ஆகவே முன்பணம் அனுப்பினால்தான் வி.பி. என்ற எச்சரிக்கை அக்காலத்து விளம்பரங்களில் சர்வ சாதாரணம். 2010-ஆம் ஆண்டில் ஃபிளிப்கார்ட் நிறுவனம், கார்டு மூலம் பணம் செலுத்த அஞ்சிய ஜனங்களை வசப்படுத்த, சரக்கு வந்த பிறகு ரொக்கம் கொடுக்கலாம் என்று அறிவித்தபோது, பழைய வி.பி. முறைதான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தது. வாசலில் மறுக்கப்பட்டுத் திரும்பும் பொட்டலத்தை இன்றைய சிறு வியாபாரிகள் ஆர்.டி.ஓ. என்று சொல்லிப் பெருமூச்சு விடுகிறார்கள். அவர்களுடைய பாட்டனார் காலத்திலும் அந்தப் பெருமூச்சு இருந்தது. ஒரே வேற்றுமை, மறுத்த பொட்டலம் அப்போது பிரிக்கப்படாமலே திரும்பியது. பணம் கொடுக்கும் வரை கட்டு அவிழாது என்ற தபால் விதி, வாங்குகிறவருக்கு அநியாயமாக இருந்திருக்கலாம். விற்கிறவருடைய சரக்கை அது மாற்றவிடவில்லை.

சட்டம் வளர்ந்த போக்கையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, முன்பு பாராத பொருளைப் பரிசோதிக்க நியாயமான சந்தர்ப்பம் கிட்டும் வரையில் வாங்கினவர் அதை ஏற்றுக்கொண்டதாகக் கொள்ளக்கூடாது என்கிறது. 42-ஆம் பிரிவோ, விற்றவருடைய உடைமைக்கு முரணான காரியம் எதையும் வாங்கினவர் செய்துவிட்டால் பொருளை ஏற்றுக்கொண்டவராகவே ஆகிறார் என்கிறது. சேலையை உடுத்திக்கொண்டு முகூர்த்தத்துக்குப் போய்வருவது அத்தகைய காரியம்தான் என்று வாதிக்க வக்கீல் வேண்டியதில்லை. பிறகு 1986-இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வாங்குகிறவர் பலவீனர், விற்கிறவர் பலவான் என்ற அனுமானத்தின் மேல் கட்டப்பட்டது அது. அக்காலத்துக்கு அந்த அனுமானம் முற்றும் பொருந்தும். அப்படியிருந்தும் அச்சட்டத்தின் 26-ஆம் பிரிவில், வீம்புக்காகத் தொடுத்த வழக்குகளுக்குப் பதினாயிரம் ரூபாய் வரை செலவுத்தொகை விதிக்க இடம் வைத்திருந்தார்கள். 2019-ஆம் ஆண்டுச் சட்டமும், அதன் கீழ் 2020 ஜூலையில் வெளியான மின்வணிக விதிகளும் இப்போது நடைமுறையில் உள்ளவை. குறையுள்ள சரக்கு, போலிச் சரக்கு, விளம்பரத்தில் சொன்ன இலக்ஷணம் இல்லாத சரக்கு, சொன்ன தேதிக்குப் பிந்தி வந்த சரக்கு ஆகியவற்றைத் திரும்ப எடுக்கவோ பணம் திருப்பவோ விற்பவர் மறுக்கலாகாது என்று அவ்விதிகள் கூறுகின்றன. குற்றமற்ற பொருளை மனமாற்றத்தால் மட்டுமே திருப்பலாம் என்ற பொது உரிமையை நம் நாட்டுச் சட்டம் யாருக்கும் கொடுக்கவில்லை. அந்த உரிமை நிறுவனங்கள் தாமாக வழங்கும் சலுகை.

இதை ஐரோப்பிய யூனியனோடு ஒப்பிட்டால் ஒரு விசித்திரம் புலப்படும். அங்கே 2011-ஆம் ஆண்டுக் கட்டளையின்படி, தூரத்திலிருந்து வாங்கிய பொருளைக் காரணம் சொல்லாமலே பதினான்கு நாளுக்குள் திருப்பச் சட்டப்படியே உரிமை உண்டு. ஆனால் அதே கட்டளை, திரும்பும் பொருள் கைக்கு வரும் வரையிலோ, அதை அனுப்பியதற்கு ஆதாரம் கிட்டும் வரையிலோ பணத்தை நிறுத்திவைக்க வியாபாரிக்கு அனுமதி கொடுக்கிறது. பொருளின் தன்மையை அறிவதற்கு வேண்டிய அளவுக்கு மேல் அதைப் புழங்கி மதிப்பைக் குறைத்தவர் அந்தக் குறைவுக்குப் பொறுப்பாளி என்கிறது. கெட்டுப்போகும் உணவையும், சொல்லிச் செய்வித்த சரக்கையும் விலக்கி வைக்கிறது. சலுகை தாராளமாகவும் சமநிலையோடும் இருக்க முடியும் என்பதற்கு அது அத்தாட்சி. பல ஆயிரம் மைலுக்கும் பல நூற்றாண்டுக்கும் அப்பாலிருந்து நாரதருடைய முப்பதில் ஒரு பங்கு அங்கே வேறு பாஷையில் பேசுகிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. நம்மிடமோ சட்ட உரிமை குறுகியதாகவும், நிறுவனங்களின் சலுகை அளவற்றதாகவும், அந்தச் சலுகைக்கு ஈடு கட்டும் தடைகள் சொற்பமாகவும் இருக்கின்றன.

இனிப் பத்தமடைக்குப் போவோம். பிரச்சினையின் உட்புறம் அங்கேதான் நன்றாகத் தெரியும். ஆற்றங்கரைக் கோரையை அறுத்து, உலர்த்தி, ஓடுகிற தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கீறி, சாயம் ஏற்றி, கைத்தறியில் பஞ்சு நூலோடு கோத்து நெய்கிறார்கள். நெய்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் அவ்வூர் முஸ்லிம் பெண்கள். சாதாரணப் பாயும் பட்டுப் பாய் எனப்படும் நயமான பாயும் பார்வைக்கு உறவினர் போலிருந்தாலும், உழைப்பில் நாள் கணக்குக்கும் வாரக் கணக்குக்கும் உள்ள தூரம் இருக்கிறது. புவிசார் குறியீடு பெற்ற பொருள் என்ற கௌரவமும் அதற்கு உண்டு. கையால் நெய்ததாகையால் ஒரு பாயைப் போல் மற்றொரு பாய் இராது. சாயத்தின் அழுத்தம் மாறும், ஓரத்தில் ஓர் இழை நீளும். இப்படிப்பட்ட பாய் ஒன்றை ஓர் அம்மாள் ஃபிளிப்கார்ட் போன்ற தரகு நிறுவனம் ஒன்றின் தளத்தில் விற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். வாங்கினவர், படத்தில் உள்ளதுபோல் இல்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு, சந்தையில் கிடைக்கும் பிளாஸ்டிக் பாய் ஒன்றைச் சுருட்டி அதே உறையில் அனுப்புகிறார். எடுத்துப்போக வருகிற இளைஞன் உறையின் மேலுள்ள பட்டைக்கோட்டைப் பார்ப்பானே அல்லாமல் உள்ளே கிடப்பது கோரையா பிளாஸ்டிக்கா என்று பார்க்க அவனுக்கு உத்தரவும் இல்லை, நேரமும் இல்லை. பல சமயம் அவன் உறையை வாங்கிய மாத்திரத்தில் பணம் வாங்கினவர் கணக்குக்குத் திரும்பிவிடுகிறது. பத்து நாள் கழித்துப் பத்தமடையில் உறை பிரிக்கப்படும்போது, வழக்கில் தீர்ப்பு ஏற்கெனவே நிறைவேற்றப்பட்டு முடிந்திருக்கிறது.

பிறகு அந்த அம்மாள் முறையிட வேண்டும். நிறுவனங்கள் அதற்கு வழி வைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். ஃபிளிப்கார்ட்டில் விற்பனையாளர் பாதுகாப்பு நிதி என்றும், அமேசானில் சேஃப்-டி என்றும் ஏற்பாடுகள் உண்டு. குறித்த காலத்துக்குள், குறித்த மாதிரிப் படங்களோடும் வீடியோவோடும் கோரிக்கை வைத்தால் நஷ்டத்தில் முழுமையோ ஒரு பகுதியோ கிடைக்கலாம். ஆனால், கூற்றை முன்வைப்பவனே அதை நிரூபிக்க வேண்டும் என்ற சாட்சியச் சட்டத்தின் ஆதாரக் கொள்கை இங்கே தலைகீழாகிறது. பாய் சரியில்லை என்ற கூற்று வாங்கினவருடையது. அவரிடம் கேட்கப்பட்டது ஒரு வரி. சரியான பாய்தான் அனுப்பினேன் என்று மறுப்பவளிடம், கட்டும்போதும் பிரிக்கும்போதும் இடையறாமல் எடுத்த வீடியோ கேட்கப்படுகிறது. நுகர்வோர் ஆணையத்தில்கூடச் சரக்கின் குறையைப் பார்வையால் நிர்ணயிக்க இயலாதபோது முத்திரையிட்ட மாதிரியைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பும் முறை இருக்கிறது. தரகு நிறுவனத்தின் விசாரணையில் பரிசோதனை இல்லை, குறுக்கு விசாரணை இல்லை, காரணம் காட்டும் தீர்ப்பு இல்லை. நீதிபதி, கக்ஷிக்காரர் ஒருவரின் விசுவாசத்தைச் சம்பாதிப்பதையே தொழிலாகக் கொண்டவர்.

இந்தச் சாய்வு தற்செயலாக நேர்ந்ததல்ல. ஈபே நிறுவனத்தில் ஆதியில் விற்றவரும் வாங்கினவரும் ஒருவரையொருவர் மதிப்பிட்டு எழுதினார்கள். 2008 மே மாதம் முதல் விற்றவர் வாங்கினவரைப் பற்றிப் பாதகமாக எழுத முடியாது என்று அந்நிறுவனம் விதி செய்தது. குறை சொன்ன வாங்குவோரை விற்றவர்கள் பதிலுக்குப் பழித்து அச்சுறுத்தினார்கள் என்பது அதற்குச் சொன்ன காரணம். அதில் உண்மையும் இருந்தது. ஆனால் அன்று முதல் விற்பவர் மட்டுமே கீர்த்தியோ அபகீர்த்தியோ உடையவர், வாங்குகிறவர் பெயரற்ற மகாராஜா என்ற ஏற்பாடு உலகெங்கும் ஸ்திரப்பட்டது. ஜார்ஜ் ஆகர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970-இல், விற்பவன் சரக்கின் தரத்தை அறிந்தவன், வாங்குபவன் அறியாதவன், இந்த ஏற்றத்தாழ்வு சந்தையையே கெடுக்கும் என்று காட்டினார். 2001-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவர் ஒருவர். சரக்கு போகும் வழிக்கு அது பொருந்தும். திரும்பும் வழியில் நிலைமை மாறிவிடுகிறது: உறைக்குள் என்ன வைத்தோம் என்பதை அறிந்தவர் வாங்கினவர் ஒருவரே. போகும் வழிக்கு நூறு காவல் வைத்தவர்கள் வரும் வழியைத் திறந்துபோட்டார்கள்.

திறந்த வழியில் தொழில்முறைத் திருடர்கள் புகுந்ததில் வியப்பில்லை. 2017-இல் டில்லியில் போலீஸார் கைது செய்த இளைஞர் ஒருவர், பல பெயர்களில் விலையுயர்ந்த கைப்பேசிகளை வரவழைத்து, பெட்டி காலியாக வந்தது என்று சொல்லியே சுமார் ஐம்பது லட்சம் ரூபாய் திரும்பப் பெற்றார் என்பது குற்றச்சாட்டு. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத் தம்பதியர் இருவர் அமேசானிடம் 12 லட்சம் டாலர் பெறுமான சாமான்களை, பழுதாக வந்தன என்று பொய் சொல்லி மாற்றுச் சரக்கு கேட்டே கவர்ந்து, 2018-இல் ஐந்தாண்டுக்கு மேற்பட்ட சிறைவாசம் பெற்றார்கள். 2024-இல் மிந்த்ரா நிறுவனம் பெங்களூரில் போலீஸாரிடம் கொடுத்த புகார், அந்த ஒரு நகரத்திலேயே நாலு மாதத்தில் 5,500-க்கு மேற்பட்ட பொய் ஆர்டர்களால் 1.1 கோடி ரூபாய் போயிற்று என்றது. இவையெல்லாம் நிறுவனமே நஷ்டப்பட்ட வழக்குகள் என்பதைக் கவனிக்க வேண்டும். நிறுவனத்தின் கை சுட்டபோது போலீஸும் பத்திரிகையும் வந்தன. எண்ணூறு ரூபாய்ப் பாய்க்காக ஒருவர் போலீஸ் ஸ்டேஷன் படியேறினால், எழுத்தர் அவரை ஏற இறங்கப் பார்ப்பார்.

வேறொரு ரகத்தையும் விட்டுவிடலாகாது. ஆனால் அதில் ஆராய அதிகமில்லை. வீட்டுப் பழைய கட்டிலையோ சைக்கிளையோ ஓ.எல்.எக்ஸ். போன்ற தளங்களில் விற்கப் போகிறவரிடம், ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி ஒருவர் பேரம் பேசாமலே விலைக்கு ஒப்புக்கொண்டு, பணம் வருவதற்காக என்று கியூ.ஆர். படம் ஒன்றை அனுப்புவார். ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போட்டதும் பணம் போகும். பணம் பெறுவதற்குப் பின் எண் ஒருபோதும் வேண்டியதில்லை என்ற ஒரே சங்கதியை அறிந்தவரிடம் இந்த வித்தை பலிக்காது. ஏமாந்தவர் தாமதியாமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொன்னால், பணம் கடைசிக் கைக்குப் போவதற்குள் முடக்கச் சந்தர்ப்பம் உண்டு.

விற்கிறவர்களெல்லாம் அரிச்சந்திரர்கள் என்று இதனால் கொள்ள வேண்டாம். விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்றும், சீனி கலந்ததைச் சுத்தக் கருப்பட்டி என்றும் தலையில் கட்டுகிறவர்கள் நம் ஜில்லாவிலேயே இல்லாமல் இல்லை. திருப்பும் உரிமை இல்லாதிருந்தால், முகம் தெரியாத ஊரிலிருந்து பொருள் வாங்க ஜனங்கள் துணிந்திருக்கவே மாட்டார்கள், பத்தமடைப் பாயும் பத்தமடையைத் தாண்டியிராது. என் ஆக்ஷேபம் தாராளத்தின் மேல் அன்று. அது யார் பணத்தில் நடக்கிறது என்பதன் மேல். கேள்வி கேளாமல் திருப்பலாம் என்ற வாசகத்தால் வாடிக்கை பெருகுவது நிறுவனத்துக்கு. அந்த வாடிக்கையில் கலந்து வரும் கயவர்களால் நேரும் நஷ்டத்தை மட்டும் நெய்தவள் ஏற்க வேண்டும் என்பது எந்த வியாபார தர்மத்திலும் சேராது. பெருநிறுவனத்துக்கு அந்த நஷ்டம் இன்ஷூரன்ஸ் கணக்கில் ஒரு வரி. தறிக்காரிக்கு அது அடுத்த பாய்க்கான கோரை.

நியாயஸ்தலம் போகலாமே என்றால், அங்கும் வழி நேராக இல்லை. வாங்கினவர் தாம் குடியிருக்கும் ஜில்லாவிலேயே நுகர்வோர் வழக்குத் தொடரலாம் என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டம் வசதி செய்திருக்கிறது. விற்பவருக்கும் நிறுவனத்துக்கும் உள்ள ஒப்பந்தங்களோ, வழக்கு நடக்க வேண்டிய இடத்தைப் பெரும்பாலும் நிறுவனம் இருக்கும் பெருநகரத்திலேயே வைக்கின்றன. சுயதொழிலால் ஜீவனோபாயம் தேடுகிறவர் வாங்கும் சரக்கை வணிக நோக்கமாகக் கருதலாகாது என்று அதே சட்டத்தின் 2(7) பிரிவின் விளக்கம் கூறுவதால், வீட்டிலிருந்து விற்கும் ஒருத்தி, தரகு நிறுவனத்தின் சேவையைப் பெறுகிற நுகர்வோர் தானும்தான் என்று திருநெல்வேலி ஆணையத்திலேயே வாதாட முயலலாம்; அந்த விளக்கம் சரக்குக்கு மட்டும்தானா, சேவைக்கும் உண்டா என்ற தர்க்கத்தை எதிர்த்தரப்பு எழுப்பாமல் இராது.

ஆகவே சிறு வியாபாரிகள் தாங்களே ஒரு சட்டம் செய்துகொண்டார்கள். வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் சேலை விற்கும் பெண்கள், ஒவ்வொரு படத்தின் கீழும் ‘ஓபனிங் வீடியோ கட்டாயம்’ என்று எழுதிவைக்கிறார்கள்: முகவரிச் சீட்டு தெரிய, வெட்டு விழாமல், பார்சலைப் பிரிப்பதைப் படம் எடுத்தால்தான் டேமேஜுக்கு மாற்றுச் சேலை, இல்லையேல் இல்லை. முன்பணம், வீடியோ, ஒன்றிரண்டு நாள் கெடு. நாரதர் துணிக்கு விதித்த ஒரு நாளை அவரை அறியாதவர்களே மீண்டும் கண்டுபிடித்திருக்கிறார்கள்! மேலும் அவர்கள் வாங்குகிறவரின் கூற்றுக்கு வாங்குகிறவரிடமே சாட்சியம் கேட்கிறார்கள். பெருநிறுவனங்கள் செய்யத் தயங்கிய காரியம் இது.

பெருநிறுவனங்களும் விலையுயர்ந்த சில சரக்குகளுக்கு மட்டும், வாசலிலேயே பெட்டியைத் திறந்து காட்டிக் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்திருக்கின்றன. விற்றவரின் பிரதிநிதியாகப் பொருள் கொணர்ந்தவனும் வாங்கினவரும் ஒரே சமயத்தில் காண்பதால், இழந்துபோன பொதுக் காட்சி ஒருவாறு திரும்புகிறது. திரும்ப எடுக்கும்போதும் அதே பரிசோதனை நடக்குமானால், பிளாஸ்டிக் பாய் பத்தமடை வரைக்கும் பிரயாணம் செய்யாது. கைப்பேசிக்குச் செய்கிறதைப் பாய்க்கும் சேலைக்கும் ஏன் செய்யவில்லை என்று கேட்டால், செலவு கட்டாது என்பார்கள். அந்தச் செலவு வேறொன்றுமில்லை: பொட்டலத்துக்கு இவ்வளவு என்று கூலி பெற்று, ஒரு நாளில் எத்தனை வாசல் ஏறி இறங்குகிறானோ அத்தனைக்கே சம்பாதிக்கிற அந்த இளைஞனுடைய சில நிமிஷம். இத்தகைய தொழிலாளருக்காகத் தமிழ்நாடு அரசு 2023-இல் தனி நலவாரியம் அமைத்திருக்கிறது. கட்டை அவிழ்த்து, விரித்துப் பார்த்து, மீண்டும் சுருட்டிக் கட்டும் அந்த நிமிஷங்களுக்குக் கூலி உண்டு என்றும், அதைத் தருகிறவர் தரகர்தான் என்றும் விதி ஏற்படும் வரையில், அவன் உறையின் பட்டைக்கோட்டை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த வாசலுக்குப் போவான். அதற்காக அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.